அரியாங்குப்பம் தோட்டம் என் பெயருக்கு வந்தது

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கோயிலில் வாசகம் வாசிக்க ஆள் தேடினால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறவள் நான். படிப்பு ஏழாம் வகுப்பு. கோயிலில், பெற்ற வரத்தைச் சாட்சி சொல்லுகிறவர்கள் கேட்க இனிமையாகச் சொல்லுகிறார்கள். என்னுடையதில் இனிப்பு குறைவு. நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. ஆனாலும் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டுவிட்டேன், சொல்லியாக வேண்டும். வாயால் சொல்ல வெட்கம். அதனால் எழுதுகிறேன்.

அரியாங்குப்பத்தில் என் அப்பா வாங்கிய தென்னந்தோட்டம் ஒன்று உண்டு. நான் ஒரே பிள்ளை. அப்பா இறந்த பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது சூசை அண்ணன். என் சித்தப்பாவின் மகன். அவர் வீடு தோட்டத்தை ஒட்டி இருந்தது. நானும் மில்லில் தறி ஓட்டும் என் வீட்டுக்காரரும் மூன்று பிள்ளைகளும் முதலியார்பேட்டையில் ஒரே அறையுள்ள வாடகை வீட்டில் இருந்தோம். என்றைக்காவது அந்தத் தோட்டத்தில் ஒரு கூரை போட்டுக்கொண்டு போய்விடலாம் என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே நினைப்பு.

1974-ல் நிலங்களை அளந்து பட்டா கொடுக்கிற செட்டில்மெண்டுக்காரர்கள் வந்தார்கள். அதற்கு முந்தின வாரம் சூசை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, அளக்கறவங்க வர்றாங்க. பெரியப்பா பத்திரத்தைக் குடு, நானே காட்டிட்டு வந்து தர்றேன். அங்க பூரா ஆம்பளைங்க கூட்டம். உனக்கு எங்க பேச வருது?"

எனக்குப் பேச வராது என்பது உண்மை. டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் பிரெஞ்சிலேயே எழுதி, முத்திரை குத்திய பத்திரம். அன்றைக்கு யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. நானே கொடுத்தேன்.

இரண்டு வருடம் போனது. கேட்கும்போதெல்லாம் "பத்திரமா இருக்கு" என்றார். பிறகு, உரிமையாளர் பட்டியலில் அந்தத் தோட்டத்துக்கு நேரே சூசை அண்ணன் பெயர் இருப்பதாக அரியாங்குப்பத்திலிருந்து ஒருத்தி வந்து சொன்னாள். நானும் என் வீட்டுக்காரரும் அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணி ஆப்பம் வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றினாள்.

"அந்தப் பத்திரமா? கரையான் அரிச்சிடுச்சு தங்கச்சி. இன்னா பண்றது?"

"உங்க பேரு எப்படிண்ணே ஏறிச்சு?"

"பெரியப்பாவும் எங்கப்பாவும் சேர்ந்து வாங்கினதுதானே? பெரியவருன்னு அவரு பேர்ல எழுதினாங்க. என்னைக் கேட்டாங்க, உள்ளதைச் சொன்னேன். இந்தச் சிலுவை மேல சத்தியமா."

கழுத்தில் கிடந்த செபமாலைச் சிலுவையை எடுத்து முத்தமிட்டார். முத்தமிட்ட வாயால் "இன்னும் ரெண்டு ஆப்பம் வை" என்று அண்ணியிடம் சொன்னார். நான் அவர் முகத்தில் காறித் துப்பவில்லை. ஆப்பத்தைத் தின்று முடித்தேன். எங்கள் அப்பா வாங்கிய மரத்துத் தேங்காய். திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் அத்தனையும் வாந்தியாக வந்தது.

ஆட்சேபணை மனு கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து விசாரணை, அதற்குள் ஆதாரம் கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் அவர் பெயரே நிலைத்துவிடும் என்றார்கள். ஆபீசில் சுவர் பூராவும் வெற்றிலை எச்சில். குமாஸ்தா தீக்குச்சியால் காது குடைந்து, குச்சி நுனியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பத்திரம் இருக்கா? இல்லையா? அப்புறம் எதுக்கு வந்து நிக்கற?"

பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறியபோது காகிதத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான், இனி எங்கே தேடுவது என்று. எங்கள் ஜனம் முழுவதும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தது. நானும் நம்பினேன். போய்ப் பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போவதாகவும், தோட்டம் கிடைத்தால் சாட்சி சொல்வதாகவும் நேர்ந்துகொண்டேன். என்ன செபித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். கையில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆள் கை விளங்காமல் போகட்டும், நாக்கு இழுத்துக்கொள்ளட்டும்" என்று கேட்டேன். ஐந்து வாரம் அதே செபம். அவர்மேல் இருந்த அருவருப்பு கொஞ்சங்கொஞ்சமாக என்மேல் திரும்பியது. ஆறாவது செவ்வாய் முழங்கால் போட்டேன், வார்த்தையே வரவில்லை. கடைசியில், "ஆண்டவரே, எனக்குப் பேசத் தெரியாது. எனக்காக யாராவது பேசட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அன்றைக்கே மறுபடி ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா பழையபடி விரட்டினார். வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிற கோவிந்து என்பவர் உட்கார்ந்திருப்பார். காலையிலேயே சாராயம். சட்டையெல்லாம் வெற்றிலைக் கறை. அவரைத் தாண்டும்போது எப்போதும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன்.

"யம்மா, வந்து வந்து அழுதுட்டுப் போறியே, இன்னா சமாச்சாரம்? மூக்கை மூடிக்க, பரவால்ல. காதை மூடிக்காத."

தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பிரெஞ்சுப் பத்திரம்னா நொத்தேர்கிட்ட எழுதினதுதானே?"

நொத்தேர் என்றால் அந்தக் காலத்தில் பத்திரம் எழுதி உறுதிப்படுத்திய அதிகாரி. ஆமாம் என்றேன்.

"அப்ப உங்கிட்ட இருந்தது நகல்மா. உங்கப்பா கையெழுத்துப் போட்ட மூலத்தை நொத்தேர் யாருக்கும் தர மாட்டாரு. அவுருகிட்டயேதான் கட்டி வெச்சிருப்பாரு. அவுரு செத்தா அடுத்த நொத்தேர்கிட்ட போவும்."

"பிரெஞ்சுக்காரன் எடுத்துக்கினு போயிட்டான்னு சொல்றாங்களே?"

"உன் தோட்டத்துப் பத்திரத்தை வெச்சிக்கினு அவன் பாரீசுல இன்னா, தேங்கா பறிக்கப் போறானா?"

அவரே எழுந்து, தள்ளாடிக்கொண்டு, கடற்கரைப் பக்கத்துத் தெருவிலிருந்த நொத்தேர் ஆபீஸ் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். அவர் வாடைக்கு அவரை வாசலுக்கு உள்ளே விடவில்லை. "நீ போம்மா, பேரும் வருசமும் சொன்னா போதும்" என்று வெளியே நின்றுகொண்டார். வருடம் எனக்கு நினைவிருந்தது. நான் சிறுமியாக முதன்முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய வருடத்தில்தான் அப்பா அந்தத் தோட்டத்தை வாங்கினார்.

மூன்றாம் நாள் அங்கிருந்த எழுத்தர் தடித்த ஒரு கட்டைக் கொண்டு வந்து பிரித்தார். அப்பாவின் தமிழ்க் கையெழுத்து. கோணல்மாணலாக, அவர் எழுதுவது போலவே. எழுத்தர் பிரெஞ்சைப் படித்துத் தமிழில் சொன்னார்: தோட்டம் முழுவதையும் அப்பா தனக்கு மட்டும் என்று வாங்கியிருக்கிறார். கீழே சாட்சிக் கையெழுத்து இரண்டு. முதலாவது என் சித்தப்பாவுடையது. சூசை அண்ணனைப் பெற்றவர். தனக்குப் பங்கில்லை என்று அவரே சாட்சி நின்றிருக்கிறார். அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

முத்திரையோடு நகல் வாங்கிக்கொண்டு ஒன்பதாவது செவ்வாய் விசாரணைக்குப் போனோம். சூசை அண்ணன் அங்கேயும் சிலுவையைக் கையில் எடுத்தார். அதிகாரி நகலைப் பார்த்தார். மூலத்தைக் கட்டோடு கொண்டுவந்திருந்த எழுத்தர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார். அதிகாரி சாட்சிக் கையெழுத்தைச் சூசை அண்ணனிடம் காட்டினார்.

"இது உங்கப்பா கையெழுத்தா?"

"அவரு கையெழுத்து மாதிரி இருக்குங்க."

"மாதிரியா, அவருதுதானா?"

அண்ணன் சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "அவருதுதாங்க" என்றார்.

ஒரே வாரிசு என்பதற்கு என் காகிதங்களைக் காட்டினேன். பட்டாவை என் பெயருக்கு மாற்றச் சொல்லி அதிகாரி அப்போதே உத்தரவு எழுதினார். அந்த அறையில் நான் வாய் திறந்தது பெயரைக் கேட்டபோது மட்டும்தான். காது குடைந்த குமாஸ்தா ஓடி வந்து, "உக்காருங்கம்மா" என்று நாற்காலி போட்டார். அவர் விரட்டியதைவிட அந்த நாற்காலி எனக்கு அதிகக் குமட்டலாக இருந்தது. நின்றுகொண்டே உத்தரவை வாங்கினேன்.

ஆண்டவருக்கும் அந்தோணியாருக்கும் கோடி நன்றி. இப்போது தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பத்திரம் தொலைந்த பெண்கள் யார் வந்து கேட்டாலும் நொத்தேர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். முன்பு என்றால் வாசற்படி தாண்டியிருக்க மாட்டேன். சூசை அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்ச் சாட்சி. பூசையில் நன்மை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் அவர் அப்பத்துக்கு நாக்கை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் செய்கிறேன். ஆனாலும் செவ்வாய்தோறும் அவருக்காக ஒரு அருள் நிறை மரியே சொல்லுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. கோவிந்துவுக்காக இரண்டு.

உங்களுக்கும் பேச வராவிட்டால், வரவில்லை என்பதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அழகான செபம் வேண்டாம். அவர் அனுப்புகிற ஆள் நாற்றம் பிடித்தவராக இருந்தாலும் நின்று கேளுங்கள்.

உத்தரவு வாங்கிய மறுநாள், புதன்கிழமை காலை, நானும் என் வீட்டுக்காரரும் தோட்டத்துக்குப் போனோம். ஒரு மரத்திலும் காய் இல்லை. சூசை அண்ணன் வீட்டில் குரும்பை உட்பட இறக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.