ஈரக் கழிவு

கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான். அதில்தான் என் மகளும் நானும் விழுந்தோம். வழக்கம்போல அவளைத் தூக்கினேன். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. அடுத்த நொடி இருவரும் தரையில் கிடந்தோம். அவளுக்கு அடி இல்லை. ஆனால் திரும்பத் தூக்க என்னால் முடியவில்லை. என் மனைவியும் அக்கம்பக்கத்தாரும் வயலில் இருந்தார்கள். அவர்கள் வரும்வரை இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம்.

மூங்கில்துறைப்பட்டு சாலையில் கரும்பு டிராக்டர் மோதி, அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது குச்சியாக இருந்தாள். பிறகு மெல்ல மெல்லச் சதை போட்டாள். பார்க்க வந்தவர்கள், "இப்பதாங்க பொண்ணுக்கு ஒடம்பு தேறிக்கினு வருது" என்றார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம். உடம்பு வைத்தால் நோய் விட்டது என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம்.

விழுந்த பிறகு நான் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டுதான் அவளைத் தூக்கினேன். அவளே போனில் தேடி ஓர் ஆலோசகரைப் பிடித்தாள். நடக்க முடியாதவர்களுக்கு எடை குறைக்க வழி சொல்பவர். சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை வீடியோவில் வருவார்.

"உங்க எடைய உங்க கையே தூக்கணும். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவுல பலகையப் போட்டு, கைய ஊனி, நீங்களே நாற்காலிக்கு நகரணும். அதுக்குத்தான் இவ்வளவும்," என்றார் அவர்.

எனக்குப் பின் அவளை யார் தூக்குவார்கள் என்று நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அவர் சொன்னபோது மூவரும் அதைத்தான் நினைத்தோம்.

சோறு பாதியானது. முறுக்கு டப்பா பரண் ஏறியது. தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கித் தூக்கி அவள் தோள் கடுத்துப்போகும். "எளச்சிப் போறாளேங்க," என்று என் மனைவி அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

நிற்க முடியாதவளை எடை போடுவது எப்படி? கள்ளக்குறிச்சியில் நான் சோளம் போடும் மண்டியில், மூட்டை நிறுக்கத் தரையோடு பதித்த தராசு உண்டு. நாற்காலியோடு அவளை அதில் ஏற்றி, சாக்கு எடையைக் கழிப்பதுபோல நாற்காலி எடையைக் கழித்துச் சொன்னார்கள்.

இரண்டாம் முறை போனபோது எடை போடுகிறவருக்கு அவள் பழகியிருந்தாள்.

"இன்னாம்மா, நாட்டுச் சோளமா, ஹைபிரிட்டா?"

"ஹைபிரிட்டுதாண்ணா. ஈரம் ஜாஸ்தி, பாத்துப் போடுங்க."

மண்டியே சிரித்தது. முந்தைய எடையைவிட இரண்டு கிலோ கம்மி என்று அவர் கூவினார். சேதி கேட்டு, போனில் ஆலோசகர் அம்மா கைதட்டினார். என் மகள் அன்று ராத்திரி வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் முறை எடை பழைய இடத்துக்கே வந்திருந்தது. "எப்டிண்ணா? நான் ஒண்ணுமே துன்னலியே?" என்றாள். அவர் யோசித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ, போன தபா ஈரம்னு சொன்னியா, கழிவு புடிச்சிட்டேம்மா. கைப்பழக்கம்."

ஈரச் சோளத்துக்கு மூட்டைக்கு இரண்டு கிலோ பிடிப்பது அந்த மண்டி வழக்கம். அந்தக் கழிவுக்காக நான் எத்தனையோ முறை அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்று சண்டை போடாமல் நாற்காலியைத் தராசிலிருந்து இறக்கினேன். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆலோசகரின் போன் வந்தது. "மேடம், கொறையவே இல்ல. அது ஈரக் கழிவு," என்று அவளே சொன்னாள். அவருக்குப் புரிய வைக்கச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவர், "சரி, கை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அவளே பலகையை இழுத்துப் போட்டாள். நான் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

"கைய எடுப்பா."

எடுத்தேன். அவள் ஊன்றினாள். கழுத்து நரம்பு புடைத்தது. உடம்பு மெத்தையை விட்டு விரல் அளவு எழுந்து, பலகையின் விளிம்பைத் தொட்டு, திரும்ப அமர்ந்தது. மறுபடி ஊன்றினாள். மறுபடி அமர்ந்தது. மூச்சு வாங்கியது.

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "இப்ப தூக்குப்பா," என்றாள்.

இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு குனிந்தேன்.