ஒரே பேரில் ரெண்டு பேர்

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தாவிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தேன். அப்போது ஒரு பெண் எழுதித் தந்த சரியான யோசனையை, எழுதியவர் யார் என்று பார்த்துக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அதனால் இன்னொரு பெண் இறந்துபோனார். சுற்றி வளைத்துச் சொன்னால் நடுவில் எனக்குச் சாதகமாக ஏதாவது சேர்ந்துவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

யாருடைய பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. ஆனால் நடந்தது முழுக்கப் பெயரைப் பற்றியதுதான்.

அந்த வருடம்தான் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கணினி வந்தது. மலையில் ஈரம் அதிகம். செருப்பு, புத்தகம், அலமாரியில் மடித்து வைத்த கோட்டு எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். கணினிக்கும் பிடித்துவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே ஒரு பல்பைப் பகலெல்லாம் எரியவிட்டோம். தொழிற்சாலைக் கிராணியும் வெளிக்காட்டுக் கிராணியும் அதைத் தொடவே பயந்தார்கள். அதில் இருந்ததெல்லாம் எங்களுக்குப் பிடிபடாத ஆங்கிலக் கட்டளைகள்.

என்னோடு படித்த நண்பர் ஒருவர் கோலாலம்பூரில் விரிவுரையாளராக இருந்தார். அவரும் சில மாணவர்களும் சேர்ந்து, கணினியைத் திறப்பதிலிருந்து மூடுவது வரை எல்லாவற்றையும் எளிதாகச் செய்கிற மாதிரி ஓர் இயக்க அமைப்பை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணை அழுத்தினால் வேலை நடக்கும். ஆட்களின் விவரத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு, பெயரை அடித்தால் தேடித் தரும். அதை டிஸ்கெட்டில் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார்கள். எனக்கும் அனுப்பினார். "எங்களுக்குக் காசு வேணாம், குறைதான் வேணும்" என்று போனில் சொல்லிச் சிரித்தார். பயன்படுத்துகிறவர்கள் எதைக் குறை என்கிறார்களோ, எது இருந்தால் நல்லது என்கிறார்களோ, அதை மாதம் ஒரு முறை எழுதி அனுப்ப வேண்டும். அவர்கள் திருத்திப் புது டிஸ்கெட் அனுப்புவார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

கணினி மேசையின் ஓரத்தில் ஓர் ஆணி அடித்து ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று நானே எல்லாரிடமும் சொன்னேன். மாதக் கடைசியில் அதைப் படித்து, தகுதியானவற்றை ஆங்கிலத்தில் எழுதித் தபாலில் சேர்ப்பது என் பொறுப்பு. எது தகுதியானது என்று முடிவு செய்கிறவனும் நானே. அனுப்பியவற்றில் முக்கால்வாசி என்னுடைய யோசனைகளாகவே இருந்தன. எழுத்து என்ன நிறத்தில் இருக்க வேண்டும், தலைப்பைச் சுற்றிக் கட்டம் போட முடியுமா என்பது போன்றவை. நண்பர் பாராட்டிப் பதில் எழுதுவார். அந்தக் கடிதங்களை மேனேஜர் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்திருப்பேன்.

கணினியைப் பயன்படுத்திய நான்காவது ஆள் ஓர் அம்மா. தோட்டத்து ஆஸ்பத்திரியில், டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்த்த டிரசருக்கு உதவியாக இருந்தவர். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். யார் யாரை மறுபடி பரிசோதனைக்கு அழைக்க வேண்டும் என்ற பட்டியலை எடுக்க, வாரம் ஒரு நாள் மத்தியானம் வருவார். ஆங்கில எழுத்துகளை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் அடிப்பார்.

"என்னம்மா, கொழுந்து கிள்றாப்ல கிள்றீங்க" என்று ஒரு நாள் கேலி செய்தேன்.

"கிள்ளுனாதான் ஐயா கொழுந்து வரும். கத்திரி போட்டா கட்டைக் காம்பும் சேந்து வரும்லா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மற்ற கிராணிகள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில வாரம் கழித்து அவர் நோட்டில் தமிழில் எழுதியிருந்தார்: "ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா முத ஆள மட்டும்தான் காட்டுது. கூப்பிடுற பேரையும் சேத்துப் போட்டா நல்லது."

எங்கள் தோட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். அடையாள கார்டில் இருக்கிற பெயரைச் சொல்லி அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கார்டுப் பெயர் சம்பள நாளில் மட்டும் காதில் விழும். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆளுக்கு ஆள் வேறு பெயர். பாட்டன் காலத்திலிருந்து ஐந்தாறு பெயர்களையே திரும்பத் திரும்ப வைத்ததால், கார்டில் ஒரே பெயருள்ளவர்கள் நிறையப் பேர். தகப்பன் பெயரும் ஒன்றாகவே இருந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் மேட்டு லயத்தில் குடியிருந்தார், அவர் மேட்டக்கா. இன்னொருவர் வாசலில் பூச்செடி வளர்த்து பிரிஞ்சாங் சந்தைக்குக் கொடுத்துவிடுவார், அவர் பூக்காரக்கா. லயத்தில் ஒரு நாளும் இவர்களை யாரும் மாற்றிச் சொன்னதில்லை.

நான் அந்த வரியை அலுவலகத்தில் உரக்கப் படித்தேன். "கம்ப்யூட்டருக்குப் பட்டப்பேர் சொல்லிக் குடுக்கணுமாம். இதக் கோலாலம்பூர்ல உள்ளவங்க பாத்தா நம்ம தோட்டத்தப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றேன். இந்த முறை கிராணிகள் என் பக்கம் சிரித்தார்கள். அந்த அம்மாவும் அங்கேயே நின்று லேசாகச் சிரித்தார். நான் அந்த வரியின் குறுக்கே கோடு போட்டு, கீழே "தேவையில்லை" என்று எழுதினேன். அந்த இரண்டு பெண்களின் பெயரை ஒரு தடவை கணினியில் அடித்துப் பார்த்திருந்தால் அவர் சொன்னது தெரிந்திருக்கும். ஒரு நிமிட வேலை. நான் செய்யவில்லை.

மழைக்காலம் வந்தது. அந்தக் குளிரில் பாதித் தோட்டம் இருமும். நாள்பட்ட இருமல் உள்ளவர்களின் சளியை எடுத்து டிரசர் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார். முடிவு கடிதமாக எங்கள் அலுவலகத்துக்கு வரும். கடிதம் வந்த வாரம் அந்த அம்மா ஊரில் இல்லை. மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று ஈப்போவுக்குப் போயிருந்தார். டிரசர் வேறொரு தோட்டத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்ததால், கடிதங்களை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.

இந்தப் பெண்ணை உடனே அனுப்பி வையுங்கள் என்று ஒரு கடிதம் சொன்னது. பெயர், தகப்பன் பெயர், அடையாள கார்டு எண் எல்லாம் அதில் சரியாக இருந்தன. நான் பெயரை மட்டும் கணினியில் அடித்தேன். ஒரே ஒரு ஆள் வந்தார், வீட்டு எண்ணோடு. அந்த விவரத்தை வைத்து ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுத்தனுப்பினேன். கடிதத்தைக் கோப்பில் போட்டு மூடினேன்.

சீட்டு போனது பூக்காரக்காவுக்கு. அவருக்கும் கொஞ்சம் இருமல் இருந்ததால், ஏன் எதற்கு என்று கேட்காமல் பஸ் ஏறிப் போனார். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நான் கணினியில் பதிந்து வைத்தேன். தப்பித்தோம் என்று தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்து, லயத்தில் எல்லாருக்கும் கொடுத்தார். மேட்டக்காவுக்கும்தான்.

ஈப்போவிலிருந்து திரும்பிய அந்த அம்மா என்னிடம் வந்து, மேட்டக்கா தன் சளிப் பரிசோதனை என்ன ஆயிற்று என்று கேட்பதாகச் சொன்னார். பெயரை அடித்துப் பார்த்துவிட்டு, வந்துவிட்டது, ஒன்றுமில்லையாம் என்றேன்.

அவர் நகரவில்லை. "எந்த ஆள் ஐயா? மேட்டு லயமா, பூக்காரவங்களா?"

"இங்க ஒரே ஆள்தாம்மா காட்டுது" என்று சொல்லித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். "மெஷின் உங்களவிட என்னைவிட ஒழுங்கா வேல செய்யும்."

அவர் திரையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு போய்விட்டார். மேட்டக்காவிடம் ஒன்றுமில்லை என்று போய்ச் சொன்னது அவர்தான். என் பிழையை அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டேன்.

நான்கு மாதம் மேட்டக்கா கூடையைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறி இறங்கினார். ஒரு நாள் காலையில், செடிகளுக்கு நடுவிலேயே இரத்தமாக இருமிக் கீழே உட்கார்ந்துவிட்டார். கொழுந்து ஏற்றுகிற லோரியிலேயே டவுனுக்குக் கொண்டுபோனார்கள். காசநோய் முற்றிப் போயிருந்தது. மூன்று வாரம்தான் உயிரோடு இருந்தார்.

முன்பே கடிதம் போட்டோமே, ஏன் அனுப்பவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வந்தபோதுதான் கோப்பை எடுத்தேன். கார்டு எண்ணைப் பார்த்தேன். பிறகு பழைய பேரேட்டை எடுத்து, அந்தப் பெயரை விரலால் தேடினேன். ஒரு பெயருக்குக் கீழே, இரண்டு வரி தள்ளி, அதே பெயர் மறுபடியும் இருந்தது. கையால் எழுதிய அந்தப் பேரேட்டில் யாரோ ஒரு பழைய கிராணி பென்சிலால் பக்கத்தில் "மேடு" என்று குறித்திருந்தார்.

மேனேஜரிடம் சொன்னேன். கோப்பில் பிழை நேர்ந்துவிட்டது என்று பதில் எழுதிவிடலாம், வெளியே பேச வேண்டாம் என்றார். ஒரு வாரம் பேசாமல்தான் இருந்தேன். எட்டாம் நாள் வேலை முடிந்ததும் மேட்டு லயத்துக்கு ஏறிப் போனேன்.

மேட்டக்காவின் கணவர் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்தவர். வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் என்னை அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் சொல்லி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கடுதாசி எந்த மாசம் வந்துச்சு ஐயா?"

மாதத்தைச் சொன்னேன்.

"அந்த மாசம் நல்லாதான் நடந்துக்கிட்டிருந்தா" என்றார். "சின்னதுக்கு சட்டை வாங்கணும்னு டவுனுக்கே நடந்து போயிட்டு வந்தா."

பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசியதே இல்லை. வழியில் பார்த்தால் ஒதுங்கி நிற்பார். பூக்காரக்காவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "அவளுக்கு வந்த கடுதாசியில போய் நான் படம் எடுத்துட்டு வந்து பொங்கல் வச்சேனே" என்று பல நாள் அழுதாராம். அவர் செய்த தப்பு எதுவுமே இல்லை. ஆனால் அவர் அழுததற்கும் நான்தான் காரணம்.

அந்த மாதம் கோலாலம்பூருக்கு ஒரே ஒரு யோசனையைத்தான் அனுப்பினேன். நான் குறுக்கே கோடு போட்டிருந்த அந்தப் பக்கத்தை அப்படியே கிழித்து வைத்து, எழுதியவரின் பெயரையும், அடித்தவன் நான் என்பதையும், அதனால் நடந்ததையும் எழுதினேன். இரண்டு மாதத்தில் புது டிஸ்கெட் வந்தது. அதோடு வந்த தாளில் யோசனை சொன்னவர் என்று என் பெயரை அச்சடித்திருந்தார்கள். தபால் என் பெயரில் போனதால் எந்த மாணவனோ அப்படிச் செய்துவிட்டான். மாற்றச் சொல்லி எழுதினேன். தாள் ஏற்கெனவே எல்லா இடத்துக்கும் போய்விட்டது, மன்னித்துக்கொள் என்று நண்பர் பதில் போட்டார்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த அம்மாவிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம்பேரு வரணும்னா எழுதினேன்?" என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவரே எழுந்து என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். புது டிஸ்கெட்டைப் போட்டு, இரண்டு பேரின் கூப்பிடும் பெயரையும் நான் பதிந்தேன். பிறகு அவர் உட்கார்ந்து, ஒற்றை விரலால் அந்தப் பெயரை அடித்தார். திரையில் இரண்டு வரி வந்தது, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. முதலில் பூக்காரக்கா, கீழே மேட்டக்கா.

"இப்பக் காட்டுது" என்றார்.

இறந்தவர்களின் பெயரை எடுத்துவிடுவது வழக்கம் என்பதால், கீழ் வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் ஐயா. ரெண்டு பேர் இருந்தாங்கன்னு பாக்குறவங்களுக்குத் தெரியட்டும்" என்றார்.

எழுந்து போனவர், அதன்பின் கணினிப் பக்கமே வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தடித்த நோட்டைப் போட்டு, எல்லாருடைய கூப்பிடும் பெயரையும் கையால் எழுதி வைத்துக்கொண்டார். நான் ஓய்வு பெறும் வரை அந்த இரண்டாவது வரியை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு எண்பதை நெருங்குகிறது. யாராவது தயங்கித் தயங்கி ஒரு குறை சொல்ல வந்தால், கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன். அப்படிக் கேட்கிற ஒவ்வொரு தடவையும், கேட்காமல் சிரித்த அந்த ஒரு தடவைதான் ஞாபகத்துக்கு வருகிறது.