கைதூக்கிக் காப்பாற்றிய பழைய டிஎல்எஸ்

இன்று மயிலாப்பூரில் எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கக் கூட்டம்.

மருத்துவ உதவி கேட்பவர்கள் அறிக்கைகளைச் சங்கத்தின் இணையதளத்தில்தான் ஏற்ற வேண்டும். என் மனைவியின் புற்றுநோய் அறிக்கையும் அங்கே இருக்கிறது. தலைவர் அவற்றை வீட்டிலிருந்தே படித்து ஒப்புதல் தருவார்.

தளத்தைப் பராமரிக்கும் சைதாப்பேட்டை ரமணி சொன்னார்: "நாம அனுப்புறத வழியில எவனும் படிக்காம மறைக்கிறதுதான் சார் டிஎல்எஸ். அதுல பழைய வகை 1.0, 1.1 ரெண்டும் ஓட்டையாகீது. மூடிடலாம். 1.2, 1.3 போதும்."

"என் கம்ப்யூட்டர்ல திறக்குமா?" என்றார் தலைவர்.

"அது ரொம்ப பழைய மிசினு சார். தொறக்காது."

"அப்ப பழசும் இருக்கட்டுமேப்பா."

நான் எழுந்தேன். "எக்ஸாம் ஹால்ல முன்வாசல்ல மூணு பேர காவலுக்கு நிறுத்திட்டு, பின்கதவத் திறந்து வைப்போமா சார்?"

எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். பிறகு கைதூக்கினார்கள். பழையது நீடிக்கப் பதினெட்டுக் கைகள். மூடச் சொல்லி என் கையும் ரமணியின் கையும். அவர் உறுப்பினர் இல்லை என்று அதையும் கழித்துவிட்டார்கள்.

படியிறங்கும்போது ரமணி கேட்டார்: "அம்மா ரிப்போர்ட்ட மட்டும் எடுத்துடவா சார்?"

எடுத்தால் விண்ணப்பம் நின்றுவிடும். வேண்டாம் என்றேன்.

முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவன் நான். சக ஆசிரியர்களுக்கு இதைப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சிரிப்பு வராத உதாரணமாக இருக்கட்டும்.