நட்பு நாட்டின் போரும் இன்பமலரின் இடாப்பும்

இலங்கைத்துறையின் கிராம உத்தியோகத்தர் இன்பமலரிடம் வெளிநாட்டுக் கொள்கை என்று ஒன்றும் இருந்ததில்லை. அவரிடம் இருந்தவை ஒரு மேசை, இரண்டு கதிரை, பூட்டுச் சரியாக விழாத ஓர் இரும்பு அலுமாரி, ஒரு சீல். வெளிநாட்டுக் கொள்கை கொழும்பில் இருந்தது. அதற்கென்று அமைச்சர், பிரதி அமைச்சர், செயலாளர், ஆலோசகர், ஆலோசகருக்கு ஓர் ஆலோசகர் என்று ஒரு படையே இருந்தது. அந்தக் கொள்கை பிழையாய்ப் போனபோது அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் எப்படியோ இலங்கைத்துறைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. கணவர் காலமாகி ஒன்பது வருடம். மகள் சுலக்ஷனா கல்யாணம் முடித்து மட்டக்களப்பில் இருக்கிறாள். திருகோணமலை நகரத்து லிங்கநகரில் சொந்த வீடு இருந்தாலும் திங்கள் விடிய ஸ்கூட்டரை எடுத்து, கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி இலங்கைத்துறைக்குப் போகிறவர் வெள்ளி பின்னேரம்தான் திரும்புவார். கிராம சேவகர் என்ற பழைய பதவிப் பெயரின் சுருக்கமாக ஊரில் அவரை ஜி.எஸ். அக்கா என்பார்கள். வருகிற எவரையும் முதலில் ஏசுவார். "அடையாள அட்டை எங்க? பிறப்புச் சான்றிதழ் எங்க? வெறுங்கையோட கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்து நிக்கிறியள்!" ஏசி முடிந்ததும் கையெழுத்து வைத்துக் கொடுப்பார். ஏச்சு வாங்காமல் கையெழுத்து வாங்கியவர் ஊரில் ஒருவரும் இல்லை.

அவர் பார்த்த வேலைகளில் அவருக்கு மிகவும் முக்கியமானது வாக்காளர் இடாப்பு. வருடாவருடம் வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எழுத வேண்டும். சட்டப்படி, இல்லாதவரின் பெயரை வெட்ட வேண்டும். இன்பமலர் வெட்டமாட்டார். கட்டாருக்குப் போனவன், இத்தாலிக்குப் போனவள், போய் ஆறு வருடமாகியும் கடிதமில்லாதவன், எல்லாரும் அவருடைய இடாப்பில் இலங்கைத்துறையில்தான் சௌக்கியமாக இருந்தார்கள். இது கள்ள வேலை இல்லை. இந்தப் பக்கத்தில் நடந்த போரில் இரண்டு தரம் முகாமில் இருந்து இடாப்பு எழுதியவர் அவர். பெயர் வெட்டுப்பட்ட சனம், தாங்கள் இந்த ஊரில் பிறந்தவர்கள்தான் என்று நிரூபிக்கக் கந்தோர் கந்தோராக அலைந்ததைக் கண்ணால் கண்டவர். ஆளைத் தொலைத்த வீடு பெயரையும் தொலைக்கக் கூடாது என்று அன்றைக்கு மனதில் முடிவு எடுத்தவர், பிறகு மாற்றவில்லை. அவருக்கு என்று ஒரு கொள்கை இருந்தது என்றால் அது இதுதான்.

கொழும்பின் கொள்கை இதைவிடப் பெரியது. எல்லாரும் நண்பர்கள் என்பது அதன் சாரம். ஒரு கிழமை திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஒரு நாட்டின் போர்க்கப்பல் வரும். மறுகிழமை அந்த நாட்டுக்கு ஆகாத நாட்டின் கப்பல் வரும். இரண்டுக்கும் ஒரே பாண்ட் வாத்தியம், ஒரே நடனக்குழு, ஒரே பேச்சு. பேச்சில் நாட்டின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஒரு தரம் அதையும் மாற்ற மறந்துபோனார்கள் என்று நகரத்தில் ஒரு கதை. கேட்டால், நாங்கள் நடுநிலை என்பார்கள். நடுநிலை என்றால் யாருக்கும் கோபம் வரும்படி எதுவும் சொல்லாமல் இருப்பது. நம்முடைய பிள்ளைகளை யாராவது பிடித்துக்கொண்டு போனாலும் சொல்லாமல் இருப்பது.

அப்படிப் போனவன்தான் சசிகரன். இருபத்தொன்பது வயது. தொழில் கடல். எண்ணெய் விற்கும் விலையில் கடல் அவனைக் கைவிட்டது. கொழும்பில் ஒரு முகவர், தூரத்து நாடொன்றில் ஹோட்டல் குசினியில் வேலை என்றான். மாசி மாதம் போனான். மூன்றாம் கிழமை மனைவி றொஷானிக்கு ஒரு படம் வந்தது. பனிக்குள் நிற்கிறான், உடம்பில் பட்டாளத்துச் சட்டை, கையில் துவக்கு. அகப்பையைக் காணவில்லை.

அது எந்த நாடு என்று இங்கே எழுத முடியாது. அரசாங்கமே எழுதவில்லை. அறிக்கைகளில் எல்லாம் அது 'ஒரு நட்பு நாடு'. நட்பு நாடு ஒரு போர் நடத்திக்கொண்டிருந்தது. அதற்கு ஆள் போதவில்லை. நட்புக்கு அழகு கேட்காமலே எடுத்துக்கொள்வதுதானே. நம்முடையவர்களும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஆவணி மாதம் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டார். அந்தப் போரில் எங்கள் இளைஞர்கள் எத்தனை பேர்? அமைச்சர் எழுந்து, சொல்லப்படும் பெயர்களை எல்லாம் வாக்காளர் இடாப்போடு ஒப்பிட்டுப் பார்த்ததாகவும், அவர்கள் தத்தம் முகவரிகளில் வசிப்பது கிராம உத்தியோகத்தர்களால் உறுதிப்படுத்தப்பட்டிருப்பதாகவும் சொன்னார். திருகோணமலை மாவட்டத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. மேசைகளில் தட்டினார்கள்.

அடுத்த நாள் காலையில் றொஷானி ஃபோனைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்கு வந்தாள். அமைச்சரின் பேச்சைப் போட்டுக் காட்டினாள்.

"அக்கா, இவர் வீட்டிலதான் இருக்கிறாராம். அமைச்சர் சொல்றார். நான் குசினி, கிணத்தடி எல்லாம் தேடிப் பாத்திட்டன்."

இன்பமலர் அன்றைக்கு ஏசவில்லை. அலுமாரியைத் திறந்து படிவத்தை எடுத்தார். ஆனி மாதம் அந்த வீட்டுக்குப் போனது நினைவுக்கு வந்தது. "அவற்ற பேர வெட்டிப்போடாதேங்கோ அக்கா" என்று றொஷானி கெஞ்சியதும், "ஆர் வெட்டப்போறது, விசரி" என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. சசிகரன், வசிக்கிறார். கீழே தன்னுடைய கையெழுத்து. எவ்வளவு வடிவான கையெழுத்து! வெட்கத்தில் முகம் சுட்டது. தான் இரக்கப்பட்டு எழுதிய ஒரு சொல்லை எடுத்து, மேலே இருப்பவர்கள் குடையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"போன ஞாயிறு கதைச்சவர் அக்கா," என்றாள் றொஷானி. "நாடுகள் தங்கட ஆக்களின்ர லிஸ்ட் குடுத்தா, அதில பேர் இருக்கிற ஆக்களை முன்னுக்குப் போக விடமாட்டாங்களாம். பக்கத்தில நிண்ட நேபாளத்துப் பொடியனை அப்பிடித்தான் பின்னுக்கு எடுத்தவங்களாம். எப்பிடியாவது என்ர பேரைப் போடச் சொல்லு எண்டு அழுறார்."

இன்பமலர் அமைச்சின் அவசரத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தார். அவசர இலக்கம் என்பதால் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வேண்டியிருந்தது. பிறகு ஒரு பிள்ளை வந்து, அரசாங்கம் நிலைமையை உன்னிப்பாக அவதானித்து வருகிறது என்றது. தூதுக்குழு ஒன்று நட்பு நாட்டுக்குப் போகப்போவதாகவும், பெயர்ப்பட்டியல் வெள்ளிக்கிழமையோடு முடிவதாகவும் சொன்னது. சசிகரனின் பெயரைச் சொன்னதும் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "அவர் இலங்கைத்துறையில இருக்கிறாரே மிஸ்," என்றது.

"இலங்கைத்துறையில இருந்துதான் கதைக்கிறன். இஞ்ச இல்லை."

"ஜி.எஸ். உறுதிப்படுத்தியிருக்கிறாரே."

"நான்தான் ஜி.எஸ்."

அந்தப் பக்கத்தில் மறுபடியும் பாட்டுப் போட்டார்கள்.

அன்றைக்குப் புதன்கிழமை. இன்பமலர் பிரதேச செயலாளரிடம் போனார். செயலாளர், அவருக்கு மகனாகக்கூடிய வயதுப் பிள்ளை, கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "மிஸ், நீங்கள் இதைத் திருத்தி எழுதினா, முந்திப் பொய்ச் சான்று குடுத்தனீங்கள் எண்டு வரும். நாலு வருஷத்தில பென்சன். ஏன் சும்மா? பேசாம இருங்கோ."

வெளியே வந்தால், மூதூர்ப் பக்கத்துக் கிராம உத்தியோகத்தர் முனீப் விஷயம் கேள்விப்பட்டுக் காத்துக்கொண்டு நின்றார். "எனக்கிட்டயும் ரெண்டு பேர் இருக்காங்க மிஸ். நானும் வசிக்கிறாங்க எண்டுதான் போட்டன். நீங்க எழுதினா நாங்களும்தான் மாட்டுவம்." முனீபின் பயம் நியாயமானதுதான். இன்பமலருக்கும் அதே பயம்தான். பென்சனை நினைத்தார், லிங்கநகர் வீட்டின் ஒழுகும் கூரையை நினைத்தார், பனிக்குள் துவக்கோடு நிற்கிற சசிகரனையும் நினைத்தார். அவன் நீந்தப் பழகின காலத்தில் கடற்கரையில் நின்று அவனையும் ஏசியவர் அவர்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு தாளில் எழுதினார். சசிகரன் மாசி மாதம் முதல் இந்நாட்டில் இல்லை. அவர் நட்பு நாட்டின் படையில் இருக்கிறார் என்று நம்பப் போதிய காரணம் உண்டு. அவர் என் பிரிவில் வசிப்பதாக நான் உறுதிப்படுத்தியது உண்மைக்குப் புறம்பானது. அதற்கு நானே பொறுப்பு.

பிரதேச செயலகத்துப் பிரதம எழுதுநர் அந்தத் தாளை மூன்று தரம் வாசித்தார். முப்பது வருடச் சேவையில் கடைசி வசனம் போல ஒன்றை அவர் எந்தக் கோப்பிலும் கண்டதில்லை. "மிஸ், இதை 'தவிர்க்க முடியாத காரணங்களால்' எண்டு மாத்துவமா?" என்று பரிவோடு கேட்டார். வேண்டாம் என்று இன்பமலர் சொல்லிவிட்டார். பின்னேரம் மூன்று மணிக்குத் தாள் கொழும்புக்குப் போனது. நாலு மணிக்கு முனீப் எழுதிய தாளும் போனதென்று பிறகுதான் தெரியவந்தது.

பட்டியலில் பெயர் ஏறியது. பதினொரு பேர் கொண்ட தூதுக்குழு நட்பு நாட்டுக்குப் பறந்தது. விருந்து நடந்தது, படம் எடுத்தார்கள், தேயிலைப் பெட்டி கொடுத்தார்கள். திரும்பி வந்து, இது ஒரு மகத்தான இராஜதந்திர வெற்றி என்றார்கள். வெற்றி என்னவென்றால், நட்பு நாடு பட்டியலைப் பெற்றுக்கொண்டது. சசிகரனின் பெயருக்கு நேரே பதிலும் எழுதித் தந்திருந்தது: உயிருடன் உள்ளார். முன்னணியிலிருந்து களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டுள்ளார். ஒப்பந்தக் காலம், போர் முடியும்வரை. போர் எப்போது முடியும் என்று தூதுக்குழு கேட்கவில்லை. விருந்தாளி அதைக் கேட்பது மரியாதை இல்லை.

உயிருடன் உள்ளார் என்ற இரண்டு சொல்லை வாசித்துவிட்டு றொஷானி கந்தோர் வாசலில் குந்திக்கொண்டு அழுதாள். இன்பமலரும் அழுதார். அழுது முடிந்ததும், வாசலை மறைக்கிறாய் என்று ஏசினார்.

பாராளுமன்றத்தில் அதே உறுப்பினர் மறுபடி எழுந்தார். ஒருவரும் இல்லை என்றீர்களே, இப்போது பட்டியல் எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு? அமைச்சருக்கு இந்தத் தரம் தடுமாற்றமே இல்லை. பொறுப்பானவர் இனங்காணப்பட்டுவிட்டார் என்றார். கிழக்கில் ஒரு பெண் கிராம உத்தியோகத்தர் பொய்யான தகவல் கொடுத்து அரசாங்கத்தைத் தவறாக வழிநடத்தியிருக்கிறார். கடும் நடவடிக்கை எடுக்கப்படும். மறுபடியும் மேசைகளில் தட்டினார்கள். இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் ஒரு போர் தொடர்பாகப் பொறுப்பானவர் இனங்காணப்பட்டது இதுதான் முதல் தரம். அதற்காகவாவது தட்டத்தான் வேண்டும்.

சசிகரனைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் எடுத்த கொழும்புக்கு இன்பமலரைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் போதுமாக இருந்தது. வேலை இடைநிறுத்தம். பிறகு மாவட்டச் செயலகமான திருகோணமலைக் கச்சேரியில் விசாரணை. கொழும்பிலிருந்து வந்த விசாரணை அதிகாரி களைத்த மனுசன். கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"பிழையான தகவல் எழுதினதுக்கு நீங்கள் பொறுப்பேற்கிறீங்களா?"

"ஓம்."

அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அடுத்த ஆறு கேள்வியும் 'இல்லை' என்று சொல்பவர்களுக்கானவை. தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் ஒண்டு கேக்கலாமோ, சேர்?" என்றார் இன்பமலர். "பேர் பிழையா எழுதினதுக்கு நான். சரி. அவனைக் கொண்டுபோக விட்டதுக்கும், இப்ப போர் முடியும்வரைக்கும் அங்கயே விட்டிட்டு வந்ததுக்கும் ஆர்?"

"அது இந்த விசாரணையின்ர வரம்புக்குள்ள இல்லை, மிஸ்."

"அப்ப எந்த விசாரணையின்ர வரம்புக்குள்ள?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பிடி ஒண்டு இல்லை," என்றார், கொஞ்சம் சின்னக் குரலில்.

கச்சேரி வாசலில் றொஷானி நின்றாள். விடிய பஸ் எடுத்து வந்திருந்தாள், சோற்றுப் பார்சலோடு.

"என்னவாம் அக்கா?"

"நான்தானாம். வேற ஒருத்தரும் இல்லையாம்."

றொஷானி பார்சலை அவர் கையில் கொடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப இவரைக் கொண்டுவரச் சொல்லி இனி நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

முப்பது வருடமாக, எந்தக் கேள்விக்கும் எந்தக் கந்தோர், எந்தப் படிவம், எந்தக் கிழமை, யாரிடம் கேட்க வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்லிவந்தவர் இன்பமலர். வாயைத் திறந்தார். சொல்வதற்கு ஒரு பெயரும் வரவில்லை.