பெரிய வியாழனும் இரண்டாவது தாம்பாளமும்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் இறங்கி, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் எங்கள் ஊர். பூசை வைக்கப் பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் கோயிலைத் தாங்கியவர் உபதேசியார் சவுரிராயன். கெடார் பக்கத்திலிருந்து வந்தவர். மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, கோயில் வாசலில் ஆடு போட்ட புழுக்கையைக் கூட்டுவது, எல்லாம் அவர்தான். யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பார். அந்த "சரிங்க"தான் அவரைக் கவிழ்த்தது.

ஊரில் எல்லாரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு. நிலம் மேலத்தெருவுக்கு, அதில் கூலி வேலை கீழத்தெருவுக்கு. கோயிலுக்குள்ளும் ஆளுக்கொரு பக்கம். ஞானஸ்நானத் தொட்டி மட்டும் ஒன்றுதான். நல்ல வேளை, அதையும் இரண்டாக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் மேலத்தெருக்காரி. தெரு நாட்டாமை ராயப்பன் என் சொந்தப் பெரியப்பா. அதனால் வயிறு எரிந்துதான் இதைச் சொல்கிறேன்.

பெரிய வியாழன் பூசையில் சாமியார் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, மண்டி போட்டு, பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். ஏசுநாதர் சாவதற்கு முந்தின ராத்திரி தம் சீடர்களுக்குச் செய்தது. எங்கள் ஊரில் அந்தச் சீடர்கள் எப்போதும் மேலத்தெருவிலேயே பிறந்தார்கள். எண்பத்து நாலில் உபதேசியார் வீடு வீடாக ஏறி இறங்கி, தெருவுக்கு ஆறு பேர், எல்லாரும் ஒரே பெஞ்சில் என்று கேட்டார். பெரியப்பா கடைசியில் இறங்கி வந்தார்.

"ஒரே பெஞ்சுல உக்காந்துக்கட்டும். ஆனா அவங்க கால் வக்கிற தாம்பாளம் வேறயா இருக்கணும்."

ஒரே பெஞ்சு கிடைத்ததே பெரிது என்று உபதேசியார் "சரிங்க" சொல்லிவிட்டார். தாம்பாளத்தில் என்ன இருக்கிறது, ஒரு வருஷத்தில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தார். எங்கள் ஆட்கள்மேல் அவருக்கு அவ்வளவு நல்ல எண்ணம். மனைவி இருதயமேரி அக்கா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பித்தளைத் தாம்பாளத்தையே கீழத்தெருக்காரர்களுக்கென்று எடுத்து வந்தார்.

மறு வருஷம் துண்டும் இரண்டானது. அதற்கும் மறு வருஷம் பெஞ்சின் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாகக் கிடந்தது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள்கூட 'கீழத்தெருத் தாம்பாளம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். உபதேசியாருக்குச் சோறு இறங்கவில்லை. "சேக்கப் போயி நானே பிரிச்சி வச்சிட்டனே மேரி" என்று அக்காவிடம் புலம்பிக்கொண்டே இருப்பாராம்.

எண்பத்தேழில் புதுச் சாமியார் வந்தார். ஊர் விவரம் தெரியாதவர். அவரிடம் சொன்னால் பெரியப்பாவைக் கூப்பிட்டுக் கேட்பார், காரியம் கெட்டுவிடும் என்று உபதேசியார் வாயைத் திறக்கவில்லை. வீட்டுத் தாம்பாளத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, கோயில் தாம்பாளம் ஒன்றை மட்டும் பீடத்துக்கு முன்னால் வைத்தார்.

சாமியார் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, கீழத்தெருச் சின்னக்கண்ணு முன்னால் மண்டி போட்டார். சின்னக்கண்ணு தாம்பாளத்தைப் பார்த்தார். என் பெரியப்பாவைப் பார்த்தார். காலை இழுத்துப் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் மேலத்தெரு ஆறு பேரும் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்கள்.

உபதேசியார் ஓடிவந்து சின்னக்கண்ணுவின் கையைப் பிடித்து, சாமியாருக்குக் கேட்காமல் காதோடு சொன்னார்.

"காலை வையிங்க அண்ணே. நான் இருக்கறேன்."

"நீங்க இருப்பீங்க உபதேசியாரே. நாளன்னிக்கு அவங்க கொல்லையில மல்லாட்டை புடுங்கப் போவணுமே, அங்க வந்து நிப்பீங்களா? எங்கள ஏன் மாட்டி வுடுறீங்க? அந்தத் தாம்பாளத்த எடுத்துக்கினு வந்துடுங்க. எங்களுக்கு அது போதும்" என்றார் அவரும் குசுகுசுவென்று.

பெரியப்பா சொல்லியிருந்தால் உபதேசியார் தாங்கியிருப்பார். சொன்னது சின்னக்கண்ணு. உபதேசியார் பிடித்த கையை விட்டார். செருப்புக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினார்.

கோயிலே காத்திருந்தது. சாமியார் மண்டி போட்டபடி ஒன்றும் புரியாமல் விழித்தார். வேர்த்து ஒழுக, பித்தளைத் தாம்பாளத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உபதேசியார் கோயிலின் நடு வழியாக வந்தார். தாமே குனிந்து சின்னக்கண்ணுவின் காலடியில் வைத்தார். கால் இப்போது தானாக வெளியே வந்தது. வாசலில் நின்ற ஆறு பேரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பூசை அமைதியாக நடந்து முடிந்தது.

முடிவில் சாமியார் இரண்டு தெருவையும் பார்த்துச் சந்தோஷமாகப் பேசினார். இத்தனை ஒற்றுமையான சபையைத் தாம் பார்த்ததில்லை என்றார். வெறுங்காலோடு ஓடிய உபதேசியாரைப் போல ஊழியம் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். "தங்கமான மனுசன் சாமி" என்று முதலில் தலையாட்டியவர் என் பெரியப்பா.

உபதேசியார் தூண் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். சாமியார் போய் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"மறந்துட்டதுக்கா அழறீங்க? பரவாயில்ல. அடுத்த வருஷம் ரெண்டு தாம்பாளத்தையும் முன்னாடியே எடுத்து வச்சிடுங்க."

"சரிங்க சாமி" என்றார் உபதேசியார்.