விழிக்க எடுக்கும் நேரம்

என் மனைவியின் குரல் ஒரு பழைய மடிக்கணினிக்குள் இருந்தது. நரம்புகளை ஒவ்வொன்றாக ஓயவைக்கும் நோய் அவளுக்கு. நாக்கு முழுதாக அடங்குவதற்கு முன்பே அவள் பேச்சைப் பதிவு செய்து வைத்தோம். திரையில் உள்ள எழுத்துகளை அவள் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பாள். கணினி அவள் குரலிலேயே பேசும். புது டேப்லட் ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். அவள் குரல் அதில் ஏறவில்லை, பேசியவள் யாரோ ஒருத்தி. அதைப் பார்க்கவே மாட்டேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தொல்லை பேட்டரியால் வந்தது. கண்ணைத் தொடரும் கேமரா மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். மார்சிலிங்கில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் கணினியை ஹைபர்னேட் செய்தாக வேண்டும். நினைவகத்தில் இருப்பதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு அது அணைந்துவிடும். திரும்ப எழுப்பினால் எல்லாவற்றையும் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். அணைக்காமல் சும்மா தூங்கவைத்தால் திரை திரும்ப வராது, அந்த மாடலின் வியாதி அப்படி. அவள் குரலோ நினைவகத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. கணினி எழுந்திருப்பதற்குள் காப்பி ஆறிவிடும்.

ஒருநாள் தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர், "அக்கா, இன்னிக்கு என்ன வேணும்?" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். "அண்ணே, நீங்களே சொல்லுங்க லா" என்றார் மீன்காரர் என்னிடம். வவ்வால் மீன் என்றேன். வெட்டிப் பையில் போட்ட பிறகுதான் கணினி விழித்தது.

"கொடுவா" என்றது அவள் குரல்.

ரயிலில் வீடு வரும்வரை அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவளால் முடியாது. மீனுக்கா அழுவாள்? அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன கேட்கப்போகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைக்கலாமா? வைத்தால் இன்னும் சில காலம் இருக்கலாம். வைக்காவிட்டால் அவ்வளவுதான். வைக்க வேண்டும் என்பது என் பதில். அவள் பதிலை நான் கேட்கவே இல்லை, எனக்குத் தைரியம் இல்லை. அங்கேயும் திரை கறுப்பாக இருந்தால் நான் முந்திக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பிழைப்புக்கு நான் செய்வது, கணினியின் அடித்தளத்தில் ஓடும் நிரலான லினக்ஸ் கர்னலில் வேலைதான். அன்று மதியமே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கர்னலைப் பிரித்தேன். விழிக்கும்போது அது தனக்குத் தேவையே இல்லாத சாதனங்களுக்காகவெல்லாம் காத்து நின்றது. டிஸ்க்கிலிருந்து படிக்கிற பகுதியும் சுருக்கியதை விரிக்கிற பகுதியும், நீ முதலில் போ என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. எரிச்சலாக வந்தது. அந்தக் காத்திருப்புகளை ஒவ்வொன்றாக வெட்டி, பேட்ச் எனப்படும் திருத்தத்தை எழுதினேன்.

சோதிக்க வேறு கணினி இல்லை என்பதுதான் கொடுமை. அதே மாடல், அதே கேமரா, அதே குரல் இருந்தால்தான் சோதனை. ஆகவே அவள் குரலின் மேலேயே கைவைக்க வேண்டியிருந்தது. பேட்ச் தவறினால் கணினி உறைந்துபோகும், அன்று காலை முழுக்க அவளுக்குப் பேச்சிருக்காது. ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பேன். சரி என்று ஒரு முறை கண் சிமிட்டுவாள்.

கர்னல் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேட்சின் அடியில், அதைச் சோதித்துப் பார்த்தவரின் பெயரைத் தனி வரியில் எழுதுவார்கள். அதை அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தேன்.

"டெஸ்ட் பண்றது நான்தானே? என் பேரு எங்க?" என்றாள் ஒருநாள். உடனே எழுதப் போனேன். "இப்ப வேணாம் லா. ஒழுங்கா வேலை செஞ்சா மட்டும்."

பேட்சின் முதல் வடிவத்தை அனுப்பியிருந்த கர்னல் ஆட்களின் மின்னஞ்சல் குழுவில் ஒருவர், இந்தக் காலத்தில் யார் ஹைபர்னேட் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தார். எனக்கு மேசையைப் புரட்டிப் போடலாம் போல் இருந்தது. பதிலுக்கு வேக அளவுகளை மட்டும் அனுப்பினேன். வேறு என்ன எழுதுவது?

ஆஸ்பத்திரி நாள் வந்தது. டாக்டர் தமிழ்ப் பெண். நாற்காலிக்கு முன் குனிந்து, "அம்மா, டியூப் பத்தி டிசைட் பண்ணிட்டீங்களா?" என்று அவளிடம் கேட்டார். நான் பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பு. டாக்டரின் பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது. வைங்க டாக்டர், இரண்டே வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் அவள் எனக்குக் கொஞ்ச காலம் கிடைப்பாள். வாயைத் திறந்தேன்.

திரை எரிந்தது. அவள் கண்கள் எழுத்துகளின் மேல் ஓடின.

"வேணாம் டாக்டர். இவரு இப்ப அழுவாரு. மொதல்ல அவருக்குத் தண்ணி குடுங்க."

நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் சபித்தேன். காப்பி ஆறும்வரை தூங்கித் தொலைத்திருக்கக் கூடாதா அந்தச் சனியன்? தண்ணீர் வந்தது. குடிக்க முடியவில்லை.

லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது மறுபடி அவள் குரல் கேட்டது.

"இப்ப வேகம் ஓகே லா. என் பேரு போடுங்க."

அப்புறம் போடலாம் என்றேன். இரண்டு முறை கண் சிமிட்டினாள், அப்படியென்றால் முடியாது. நாற்காலியின் பக்கத்தில் தரையிலேயே மண்டியிட்டு, அவள் முன்னால் இருந்த அந்தக் கணினியிலேயே பேட்சைத் திறந்து அடியில் அவள் பெயரைத் தட்டினேன். ஓர் எழுத்து தப்பாக விழுந்தது. திருத்தும்வரை அவள் கண் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.