வெடிப்பருகே ஊன்றாத குச்சிகள்

2014 ஏப்ரல் 19, சனிக்கிழமை. மூன்று நாள் வீசிய மணற்காற்று விடியலில் ஓய்ந்திருந்தது. வானம் வெளிறிய மஞ்சள் நிறத்தில் கிடந்தது. நர்மந்தாகின் கொழுந்தன் ஜிர்கால் நகரத்திலிருந்து இரண்டு மண்வெட்டிகளுடன் மோட்டார் சைக்கிளில் பாலைவனத்திலிருந்த அவள் வீட்டுக்கு வந்தான். வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டான். அவனுக்கும் அவன் அண்ணிக்கும் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான்.

நர்மந்தாகின் கணவன் அந்தக் குளிர்காலத்தில் இறந்தான். மணலில் தான் நட்டு வளர்த்த ஸாக் என்னும் பாலை மரங்களின் வேரருகே மூன்றாண்டுகளுக்கு முன் கோயோ விதையை இட்டிருந்தான். கோயோவுக்குப் பச்சை இலை கிடையாது. அது ஸாக் வேரைப் பற்றி, அதன் நீரையே குடித்து, மணலுக்கடியில் முழங்கை நீளத்துக்குப் பருக்கும். ஆட்டிறைச்சியோடு அதை வேகவைப்போம். முதியவர்கள் இடுப்புவலிக்குச் சாராயத்தில் ஊறவைத்துக் குடிப்பார்கள். மருந்துக்கென வியாபாரி வாங்கிச் செல்வார். அந்த முதல் விளைச்சலை விற்று ஒட்டகங்களுக்குத் தீவனம் சேர்க்க முடிந்தால் நர்மந்தாக் அங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் ஒட்டகங்களை விற்றுவிட்டு ஜிர்காலின் வீட்டுக்குப் போக வேண்டும். இதுவே அவர்கள் பேசி வைத்திருந்த ஏற்பாடு.

கோயோ மேலே முட்டும்போது மணல் விரலகலம் வெடிக்கும். வெடிப்பைக் கண்ட அன்றே அருகில் ஒரு குச்சியை ஊன்றிவிட வேண்டும். காற்று அடித்தபின் சுவடே தெரியாது. தலை வெளியே வந்து பூத்துவிட்டால் தண்டு உள்ளே வெறும் கூடாகிவிடும். வியாபாரி அதைத் தொடமாட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்து மணல் வழவழவென்று கிடந்தது. ஒரு குச்சிகூட இல்லை.

“குச்சியெல்லாம் எங்க அண்ணி? காத்து புடுங்கிட்டுப் போயிடுச்சா?”

“ஊனல.”

“வெடிப்பே வரலையா?”

“வந்துச்சு. பத்து நாளா பாத்தேன். அறுபது இருக்கும்.”

“பாத்துட்டு?”

“ஒட்டகத்துக்குத் தண்ணி எறச்சேன். உள்ள போய் உக்காந்தேன்.”

“குச்சி ஊன்றதுக்குக் குனியணும், அவ்வளவுதானே. அதுக்கும் நகரத்துலேருந்து நான் வரணுமா?”

“மொத நாள் குனிஞ்சேன். எந்திரிக்கத் தோணல. அப்புறம் குனியல.”

ஜிர்கால் மனம்போன இடத்தில் தோண்டத் தொடங்கினான். மூன்றாவது குழியில் மண்வெட்டி ஒரு ஸாக் வேரைத் துண்டித்தது. நர்மந்தாக் அவன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“வேர வெட்டாத. அவரு வளத்தது.”

அவள் முகத்தில் மாற்றமேதும் இல்லை. மூன்று குழிகளையும் மூடி, காலால் மிதித்துச் சமன்செய்தாள்.

“உள்ள வாங்க. தேநீர் ஆறிடும்.”

ஜிர்கால் உப்புத் தேநீரைக் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

“நகரத்துல குழாயத் தொறந்தா தண்ணி வரும் அண்ணி. ஒட்டகம் கத்தறது மட்டும் இருக்காது. அதுக்குத்தான் என் பொண்டாட்டி இருக்காளே.”

நர்மந்தாக் அவன் கிண்ணத்தை மீண்டும் நிரப்பினாள்.

மே பதினொன்றாம் நாள் நான் மட்டும் போனேன். தோட்டமெங்கும் கோயோ பூத்திருந்தது. தடித்த தண்டுகளில் மஞ்சளும் ஊதாவுமாக அடுக்கடுக்காய்ப் பூக்கள். எண்ணிப் பார்த்தேன், அறுபத்து மூன்று. நர்மந்தாக் நிழலில் அமர்ந்து, கணவனுடைய பழைய அங்கியின் உள்துணியைக் கிழித்துச் சிறு பைகளாகத் தைத்துக்கொண்டிருந்தாள். கோயோ விதை தூசியைப் போன்றது. முற்றும்போது பூங்கதிருக்குப் பை கட்டாவிட்டால் காற்றோடு போய்விடும். முப்பது பைகள் முடிந்திருந்தன. அருகில் கிண்ணத்திலிருந்த தேநீரில் பாலாடை படிந்து, அதன்மேல் மணலும் படிந்திருந்தது.

நான் கேட்டேன்:

“ஒட்டகத்தையும் ஒன்னையும் ஏத்திட்டுப் போக நாளைக்கு ஜிர்கால் லாரியோட வரானே, என்னம்மா சொல்லப்போற?”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஒட்டகத்த ஏத்திக்கச் சொல்வேன் வாத்தியாரே. விதை எடுத்துட்டு நான் அப்புறம் போறேன்.”